'போ' என்று கத்த வேண்டாம்

தம்பி,

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல நினைப்பவை:

1. சனிக்கிழமை உன் கால்பந்து அணிப் பையன்கள் எதிர்கொள்ளப்போகும் தடுப்பாட்டம் பற்றி நான் பார்த்துப் புரிந்துகொண்டது.
2. மைதானத்தில் கத்துவது பற்றி, என் அனுபவத்திலிருந்து.
3. 'போ' என்ற சொல்லை நீங்கள் ஏன் விட்டுவிட வேண்டும்.
4. தௌங்ஜி.

நான்காவதற்கு எதிரே ஒரு முழு வாக்கியம் எழுதி, அடித்து, இன்னொன்று எழுதி, அதையும் அடித்துவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அங்கே போய்ச் சேரும்போது என்ன எழுத வருகிறதோ பார்க்கலாம். நீ பயிற்சிக்குப் போயிருக்கும் இந்தப் பிற்பகலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கும் மகனுக்கு அப்பா கடிதம் எழுதுவதும், அதற்கும் மேலே எண் போட்டுக்கொள்வதும் உன் அம்மாவுக்கு வேடிக்கையாக இருக்கிறது. "என்னாங்க, பிள்ளைக்கு லெட்டர் எழுதுறீங்களா, கிட்டங்கிக்கு பிளான் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்துப் பட்டறையில் காலமெல்லாம் வரைபடம் போட்ட கை இது. கோடு கிழித்து எண் போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்கு எதுவும் ஓடுவதில்லை. நேரில் சொல்லலாம்தான். சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிக்கிறேன், கரண்டு போய்விடுகிறது, நீ மெழுகுவத்தி தேட எழுந்துவிடுகிறாய், நான் சொல்ல வந்ததைச் சோற்றோடு விழுங்கிவிடுகிறேன். கரண்டு போவதைக் குற்றம் சொல்கிறேன். அது இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

நீ எனக்குக் கொடுத்த வாக்கை முதலில் ஒருமுறை எழுதிவிடுகிறேன், நமக்குள் குழப்பம் வேண்டாம். மலை மேலே இருக்கும் தௌங்ஜியில் ஒரு கல்லூரி, தன் முன்கள வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க உன்னைக் கேட்கிறது. அங்கிருந்து ஒருவர் சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க வருகிறார். "மத்த டீமுக்கு எதிரா யார் வேணா கோல் போடலாம். இவங்களுக்கு எதிரா ஒண்ணு போட்டுக் காட்டுங்க, மறுநாளே பேசலாம்" என்று அவர் போனில் சொன்னதை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் சிரிக்கவில்லை. ஷ்வேப்யிதாவில் துணி ஆலைக் கணக்குப் பிரிவில் உனக்காக ஒரு நாற்காலி காலியாக இருப்பதையும், அதற்கு ஏற்பாடு செய்த என் பழைய நண்பர் திங்கட்கிழமை பதில் கேட்பார் என்பதையும் நினைவூட்டினேன். நீ தட்டைப் பார்த்தபடியே, "கோல் விழலைன்னா திங்கக்கிழமை உங்ககூட ஷ்வேப்யிதா வர்றேன்ப்பா. பேச்சு மாற மாட்டேன்" என்றாய். உன் அம்மா எழுந்து பாத்திரங்களை எடுத்துவைத்தாள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

முதல் குறிப்பு. உன்னிடம் சொல்லாமல் மிங்கலாடோனுக்குப் பஸ் ஏறிப் போய் உன் சனிக்கிழமை எதிரணி ஆடிய கடைசி ஆட்டத்தைப் பார்த்தேன். குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன், என்னை யாருக்கும் தெரியாது. தம்பி, நீ பயப்படுவதில் தப்பில்லை. அவர்களின் தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் ஒரே பலகையில் அறைந்த ஆணிகள் போல் நிற்கிறார்கள். இந்தப் பருவம் முழுக்க அவர்களைத் தாண்டி ஒரு பந்தும் வலைக்குள் போகவில்லை என்று பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் சொன்னார், தன் சொந்தப் பிள்ளைகளைச் சொல்வதுபோல. நடுவில் நிற்கும் நெட்டையன்தான் அவர்களுக்குத் தலை. எதிரி பந்தை முன்னால் தள்ளக் காலெடுத்தாலே அவன் கையை உயர்த்துகிறான், நால்வரும் ஒன்றாக முன்னே வருகிறார்கள், முந்தி ஓடியவன், பாவம், அவர்களுக்குப் பின்னால் தனியாக நிற்கிறான், ஓரத்தில் ஆஃப்சைடு கொடி ஏறுகிறது. அவர்கள் ஓடிப் பிடிப்பதேயில்லை. எதிரியின் அவசரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் டிரேசிங் தாளில் அந்த நால்வரையும் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, அவர்கள் நகரும் கோட்டைப் புள்ளிகளாகப் போட்டு உன் மேஜையில் வைத்தேன். நீ அதைச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

வரைந்து பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. கால்பந்து எனக்குத் தெரியாது, இடைவெளி கொஞ்சம் தெரியும். அந்தக் கோட்டை நேராக முட்டி உடைக்க முடியாது. அதற்குப் பின்னால் ஒருவன் நுழைய வேண்டும், அவன் ஓடத் தொடங்குவதும் பந்து காலை விட்டுக் கிளம்புவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். உன் பையன்களிடம் அது நடப்பதில்லை. ஓரத்தில் ஆடும் செல்வம் முதலில் ஓடுகிறான். நடுவில் பந்து வைத்திருக்கும் ஸோ மின் அவன் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் உதைக்கிறான். பார்ப்பதற்கும் உதைப்பதற்கும் நடுவே ஒரு மூச்சு இருக்கிறது. நெட்டையனுக்கு அந்த மூச்சு போதும். இதை உனக்குச் சொல்ல நான் யார் என்றும் தோன்றுகிறது. நீ முன்பே கண்டுபிடித்திருப்பாய்.

இரண்டாவது குறிப்பு, கத்துவது பற்றி. உனக்கு நினைவிருக்கிறதா தெரியாது, எனக்கு மறந்ததில்லை. நீ பள்ளிக்கூட அணியில் ஆடிய காலம், மழை பெய்து தரை சேறாகிக் கிடந்தது. பெனால்ட்டி அடிக்க உன்னை நிறுத்தினார்கள். நீ பின்வாங்கி, ஓடி வந்து, காலை வீசும் நேரத்தில், வழுக்கி விழுந்துவிடுவாயோ என்ற பயத்தில் நான் ஓரத்திலிருந்து "பார்த்து!" என்று கத்தினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் பொது இடத்தில் கத்தியது அது. நீ உண்மையாகவே பார்த்தாய், என் பக்கம். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. திரும்பி வரும் வழியில் நீ அழவில்லை, கோபப்படவுமில்லை. "என்னத்தப்பா பார்க்கச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாய். நீ மாடிப்படி இறங்கும்போது, படகில் கால் வைக்கும்போது, சைக்கிளில் ஏறும்போது எல்லாம் நான் சொல்லிவந்த ஒரே சொல் அதுதான். என்னத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தெரிந்ததில்லை. ஆகவே என் ஆலோசனை: ஆட்டத்தின்போது ஓரத்திலிருந்து நீ கத்தாதே. பையன்களுக்குள்ளே அவர்கள் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது குறிப்புக்கு வருகிறேன், இதுதான் முக்கியமானது. எதிரிகளுக்குப் புரியக்கூடாது என்பதற்காக நீ உன் பையன்களுக்குத் தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொடுத்திருப்பது கெட்டிக்காரத்தனம்தான். கேட்டபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்லும் நீ, மைதானத்தில் அவர்கள் 'ஸயா' என்று கூப்பிடும் தமிழ் வாத்தியாராக நிற்கிறாய். 'வா' என்றால் பந்து வைத்திருப்பவன் நெருங்கி வர வேண்டும். 'விடு' என்றால் தொடாமல் காலுக்கிடையே விட்டுவிட வேண்டும். 'போ' என்றால் செல்வம் ஓரமாகத் தடுப்பவர்களுக்குப் பின்னால் ஓட வேண்டும், ஸோ மின் முதலில் எதிர்ப்பக்கம் அடிப்பதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பிறகு பந்தைத் தர வேண்டும். கோலுக்கு முதுகைக் காட்டி முன்னால் நிற்கும் கேப்டன் மோசஸுக்குத்தான் இருவரும் கண்ணில் படுவார்கள் என்பதால் கூப்பிடுகிற வேலை அவனுக்கு. காகிதத்தில் எல்லாம் சரி. செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் ஓரத்திலிருந்து பார்த்தேன்.

மோசஸ் 'போ' என்று கத்தியதும் ஸோ மின் பாவனை எதுவும் காட்டாமல் பந்தை அடித்துவிட்டான். செல்வம் நின்ற இடத்திலேயே நின்றான். பந்து உருண்டு உருண்டு வந்து என் குடைக்கடியில் நின்றது.

"யாருக்குடா அனுப்புனே? எங்கப்பாவுக்கா?" என்று நீ கேட்டாய்.

"அனுப்புன்னு இவன்தான் ஸயா கத்துனான், அனுப்பிட்டேன்" என்றான் ஸோ மின்.

"நான் எங்கடா 'அனுப்பு'ன்னேன்? தமிழ்ல 'போ'ன்னேன்" என்றான் மோசஸ்.

"நீ கரென்காரன், நான் பர்மாக்காரன். நமக்குள்ள எதுக்குடா தமிழ்? திட்டுறதுன்னா நம்ம பாஷையில திட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். நீ செல்வத்தைப் பார்த்து, "நீ தமிழன்தானேடா, உனக்குமா புரியலை?" என்றாய். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "புரிஞ்சுது ஸயா. ஆனா இவன் தமிழ்ல சொல்றானா, பர்மிய பாஷையில சொல்றானான்னு யோசிச்சேன்" என்றான். பிறகு அதே தவறு திரும்பத் திரும்ப நடந்தது. நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அதைத்தான் வாயில் போட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார். நாம் நீட்டிச் சொல்லும் 'போ' நமக்குப் புறப்படு என்கிறது. அதையே குரலை வெட்டி நிறுத்திச் சொன்னால் பர்மியத்தில் அனுப்பு என்று பொருள். மைதானத்தில் மூச்சு வாங்க ஓடுகிறவன் எதையும் நீட்டிச் சொல்ல மாட்டான், வெட்டித்தான் சொல்வான். இதை அன்று சாப்பிடும்போது உனக்கு விளக்கினேன். நீ கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "அனுப்பு... ம்" என்றாய். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனினும் எழுத்தில் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: அந்தச் சொல்லை விட்டுவிடு. உன் பையன்களுக்கு அது ஒருவனுக்கு ஒன்றாகவும் இன்னொருவனுக்கு வேறாகவும் கேட்கிறது. அதைவிட மோசம், எதிரிகள் எல்லோரும் பர்மியம் பேசுகிறவர்கள். பந்து வரப்போகிறது என்று நீங்களே அவர்களுக்கு அறிவித்ததாக ஆகும். இரண்டு பொருள் உள்ள குறியீட்டை எந்த வரைபடத்திலும் போடக்கூடாது என்பது எங்கள் பட்டறையில் முதல் பாடம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது உனக்கு முட்டாள்தனமாகப் படலாம். நம் வீட்டில் யாரும் யாரையும் பார்த்து 'போ' என்று சொல்வதில்லை. கடைக்குப் போகிறவனைக்கூட 'போயிட்டு வா' என்போம். உன் அம்மா பால்கனியிலிருந்து அதைச் சொல்லாமல் நீ ஒருநாளும் தெருவில் கால் வைத்ததில்லை. வருவதைச் சேர்த்துச் சொல்லாமல் போவதை மட்டும் சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. அதை நீ பையன்களின் வாயில் போட்டுக் கத்த வைக்கும்போது எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. இதற்குக் கால்பந்தோடு சம்பந்தமில்லை. நான்காவது குறிப்போடு இருக்கலாம்.

தௌங்ஜி. அங்கே குளிர் அதிகம். உனக்குச் சளி பிடிக்கும் உடம்பு. சண்டை நடக்கும் இந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் ரோட்டில் போவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் இன்னும் பயமாக இருக்கிறது. ஷ்வேப்யிதா என்றால் காலையில் போய் மாலையில் வந்துவிடலாம், பஸ் தாமதமானாலும் விளக்கு வைப்பதற்குள் படியேறிவிடுவாய். இந்த வரிகளைத்தான் மேலே எழுதி எழுதி அடித்தேன். எல்லாம் உண்மை. ஆனால் இவை மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நீ பிறப்பதற்கு முன்னால் என்னை மௌலமியைனுக்குத் தலைமை வரைவாளனாகப் போகச் சொன்னார்கள். மறுத்தேன். உன் அம்மாவுக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரிடமும் சொன்னேன். இந்த வாரம் அந்தப் பேச்சு எப்படியோ வந்தபோது அவள் கத்தரிக்காய் அரிந்துகொண்டே, "நீங்க பயந்ததுக்கு ஏங்க எம்பேரைச் சொன்னீங்க? எனக்கு அந்த ஊரு கடலுன்னா ஆசையா இருந்துச்சு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் செய்தித்தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

நான் நல்ல தகப்பன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மிங்கலாடோனில் குடைக்குக் கீழே நின்றபோது அந்த நெட்டையன் கையை உயர்த்திய ஒவ்வொரு தடவையும் என் மனம் நிம்மதி அடைந்தது. இவன் இருக்கும்வரை கோல் விழாது, என் பிள்ளை எங்கேயும் போக மாட்டான் என்று நினைத்தேன். உன் மேஜையில் வைத்த வரைபடத்தை உனக்காகத்தான் வரைந்தேன். கோயிலில் எதிரணிக்காகக் கும்பிட்டேன். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தான். உனக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு நன்றாக இல்லை.

இதுவரை புதன்கிழமை எழுதியது. இப்போது வெள்ளிக்கிழமை மாலை, நாளை காலை ஆட்டம். உன் கடைசிப் பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்து இதைத் தொடர்கிறேன்.

நீ என்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக் கோலுக்குப் பின்னால் வலையை ஒட்டி நின்றிருந்தேன். மாற்று ஆட்டக்காரர்கள் நால்வரை அந்த மிங்கலாடோன்காரர்கள் போலவே நிறுத்தியிருந்தாய், இருப்பதில் உயரமானவனைக் கையுயர்த்தப் பழக்கியிருந்தாய். மோசஸ் முதுகைக் காட்டி நின்றான். பிறகு 'போ!' என்று கத்தினான். நீ அந்தச் சொல்லை விடவில்லை என்பதைக் கேட்டு எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. அந்த வருத்தம் முடிவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. பாவனையை நீ எடுத்துவிட்டிருந்தாய். ஸோ மின்னின் காதில் அனுப்பு என்று விழுந்தது, அனுப்பினான். செல்வத்தின் காதில் போ என்று விழுந்தது, போனான். யாரும் யாரையும் பார்க்கவில்லை, நடுவே இருந்த அந்த மூச்சு இல்லை. தடுத்து நின்ற நால்வருக்கும் பர்மியம்தான் கேட்டது. நால்வரும் பந்தைப் பார்த்தார்கள், கையை உயர்த்திக்கொண்டு ஒன்றாக முன்னே வந்தார்கள். அதற்குள் செல்வம் அவர்களுக்குப் பின்னால் பந்தோடு இருந்தான், நான் நிற்கும் வலையைப் பார்த்து ஓடிவந்தான். வலை என் முகத்தில் உதறியது.

"ஸயா, இது அழுகுணி ஆட்டம்!" என்று கையை உயர்த்தியவன் கத்தினான்.

நீ என்னிடம் நடந்து வந்தாய். "பார்த்தீங்களாப்பா? நீங்க சொன்னதுதான்."

"நான் வேண்டாம்னுல்ல சொன்னேன்?"

"கடைசியில அப்படிச் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி சொன்னதைத்தான் எடுத்துக்கிட்டேன்."

அப்புறம் அதே ஆட்டம் ஒருமுறை கோல்கீப்பரிடம் போயிற்று, ஒருமுறை செல்வம் அவசரப்பட்டு முந்தினான், கொடி ஏறியது. நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உன் பையன்களைவிட அந்த நெட்டையன் கெட்டிக்காரனாகவே இருக்கலாம். ஆனால் ஒன்று. கோல் விழாவிட்டால் ஷ்வேப்யிதா என்று நீ கொடுத்த வாக்கை நான் திருப்பித் தந்துவிடுகிறேன். திங்கட்கிழமை என் நண்பருக்கு நானே போன் செய்து அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்கிறேன். பேச்சு மாறுகிறவன் நானாக இருக்கட்டும். தௌங்ஜிக்காரர் உன்னை எடுத்துக்கொள்வாரோ மாட்டாரோ, அதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். என்னிடம் மாட்டிக்கொண்டு நீ நிற்க வேண்டாம்.

காலையில் நீ கீழே இறங்கித் தெருவில் நின்றதும் பால்கனிக் கயிற்றை இறக்குவேன். அதன் நுனியில் உள்ள கிளிப்பில் வழக்கமாகச் செய்தித்தாள் ஏறிவரும், நாளை இந்தக் கடிதம் இறங்கிவரும். உன் அம்மா அவள் சொல்ல வேண்டியதைச் சொல்வாள். நான் இந்தத் தடவை 'பார்த்து' என்று சொல்லப்போவதில்லை. வேறொரு சொல் வைத்திருக்கிறேன். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்க, ஐந்தாவது மாடியிலிருந்து நான் கத்தியதில்லை. குரல் எழும்புமா தெரியாது. எழும்பினால் அதன் தமிழ்ப் பொருளை நீ எடுத்துக்கொள். பர்மியப் பொருளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மையில் எழுதிவிட்டதால் அழிக்க முடியவில்லை. மூன்றாவது குறிப்பு தவறு.

அப்பா